இடதுபுறம் ஒரு கல் கொட்டகை

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. முதலாளிக்கு அவள் மீட்டர் அக்கா. மாடிப்படி ஏறி வரும் தபால்காரருக்கும் மீட்டர் அக்கா. ஒருமுறை வங்கியிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு ஃபோன் வந்தபோது, வரவேற்பு மேசையில் இருந்த பெண் "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் கதையை அக்காவே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய சக்கரம். நீளமான கம்பியின் அடியில் ஒற்றைச் சக்கரம், மேலே கைப்பிடி, நடுவில் எண்கள் உருளும் சிறு பெட்டி. தள்ளிக்கொண்டு நடந்தால் மீட்டருக்கு ஒருமுறை டக்கென்று சத்தம் வரும். மூன்றாவது மாடியில், ஈரம் ஏறிய சுவர்களுக்கு நடுவே இயங்கிய அந்தச் சிறிய பதிப்பகம் ஒரே வகைப் புத்தகத்தைத்தான் போட்டது: முதுகில் பையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மலையிலும் காட்டிலும் நடப்பவர்களுக்கான வழிகாட்டி. எத்தனையாவது கிலோமீட்டரில் ஓடை வரும், எங்கே பாதை பிரியும், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம். எழுதியிருப்பதெல்லாம் சரிதானா என்று பார்ப்பது அக்காவின் வேலை. இருபத்து மூன்று வருடங்களாக அதைத்தான் பார்த்தாள்.

கோடையில் சக்கரத்தோடு பாதையில் நடப்பாள். மற்ற மாதங்களில் போட்டிப் பதிப்பகங்களின் புத்தகங்களை வாங்கி வந்து மேசையில் வரிசையாகப் பிரித்துப் போட்டு, ஒரு மரச்சட்டத்தை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே ஒப்பிடுவாள். நீல அட்டை அக்காவின் பதிப்பகத்துடையது. பச்சை அட்டை தலையணை மாதிரி தடித்தது. மஞ்சள் அட்டை சட்டைப்பையில் அடங்கும். பச்சையில் 'பாலம்' என்றிருக்கும், மஞ்சளில் 'மரப்பாலம்' என்றிருக்கும். போய்ப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே அது இரும்புப் பாலமாகியிருக்கும். அதையெல்லாம் குறித்து, வருடத்துக்கு ஒருமுறை எந்தப் புத்தகம் எவ்வளவு சரி என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரிப்பாள். நடைபயணிகள் படிக்கும் மாத இதழ் ஒன்றில் அது முழுப்பக்கம் வரும். நீல அட்டைக்கு எப்போதும் ஒன்பதரை.

"நம்ம பிள்ளைக்கு நாமளே பேப்பர் திருத்துறோம், அரை மார்க்கைக் குறைச்சதே பெரிய மனசுதான்" என்பார் வரைபடக்காரர். வரைபடம் போடுவது, பக்கம் கட்டுவது, எல்லோரையும் கிண்டல் செய்வது மூன்றும் அவர் பொறுப்பு.

"குறைச்சது நீங்க வரைஞ்ச படத்துக்கு" என்பாள் அக்கா.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "நானும் தினம் நூத்தி அறுவது கிலோமீட்டர் போறேன். எனக்கு யாராவது புஸ்தகம் போட்டாங்களா பாரு" என்று அவரும் தன் பங்குக்கு ஆரம்பிப்பார். அக்கா விடமாட்டாள். "நீங்க போறது நூத்தி அம்பத்தி நாலு. டிப்போவுக்குள்ள சுத்துறதையும் சேர்த்துக்கிட்டு அளக்காதீங்க." பிள்ளைகள் இல்லாத வீட்டில் இந்தப் பேச்சு பல வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒப்பிட்டு ஒப்பிட்டு அக்காவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. எல்லாரும் நடப்பதில்லை. பச்சை அட்டைக்காரர்கள் பாதிப் பாதையில்தான் கால் வைத்தார்கள். மீதியை நீல அட்டையைப் பார்த்து எழுதினார்கள். மஞ்சள் அட்டைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு கோடை முழுக்க இவள் கால் வெடிக்க அளந்த தூரங்கள் மறு வருடமே அங்கே தசமப்புள்ளி மாறாமல் வந்து உட்கார்ந்திருந்தன. முதலாளி வழக்குப் போட நினைத்தார். வக்கீல் கையை விரித்தார். "மலை ஒண்ணு, பாதை ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே நம்பர் எழுதினா அது காப்பின்னு எப்படிச் சொல்லுவீங்க?"

அப்போது வந்ததுதான் கொக்கி. பாதையில் இல்லாத ஒன்றைத் தம் புத்தகத்தில் வேண்டுமென்றே எழுதி வைப்பது. அதுவும் அடுத்தவன் புத்தகத்தில் வந்துவிட்டால் அவன் நடக்கவில்லை, பார்த்து எழுதினான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்தத் தொழிலில் பலர் சத்தமில்லாமல் செய்கிற காரியம்தான் என்றார் முதலாளி. அக்கா சம்மதித்தாள், மூன்று நிபந்தனை போட்டாள். தண்ணீர் விஷயத்தில் கொக்கி கூடாது. திருப்பத்தில் கூடாது. தங்கும் இடத்தில் கூடாது. இல்லாத ஒரு பெஞ்சு, எண் அழிந்துபோன ஒரு மைல்கல், இப்படித்தான் போடலாம். யாரும் அதை நம்பி எதையும் செய்துவிடக் கூடாது.

ஆறு கொக்கிகள் போட்டார்கள். ஐந்து பெஞ்சும் மைல்கல்லும். ஆறாவது, புத்தகத்திலேயே நீண்ட மலைப்பாதையின் ஒன்பதாவது பகுதியில். அது மரமே இல்லாத மொட்டை மேடு. பதினெட்டு கிலோமீட்டருக்குப் புல்லும் காற்றும்தான். பக்கம் கட்டிக்கொண்டிருந்த வரைபடக்காரர் "அக்கா, இந்தப் பக்கத்துல அடியில ஒரு வரி காலியா நிக்குது, எதையாவது குடுங்க" என்றார். மொட்டை மேட்டில் யார் பெஞ்சு போடுவார்கள்? அக்கா கொஞ்சம் யோசித்து எழுதிக் கொடுத்தாள்: '214 கி.மீ. இடதுபுறம், கூரை இல்லாத பழைய கல் கொட்டகை.'

"தங்குற இடம் கூடாதுன்னீங்களே?"

"கூரையே இல்ல, அதுல யாரு தங்கப் போறா? ஆடு ஒதுங்கினாத்தான் உண்டு."

மறு வருடம் பச்சை அட்டையில் வந்தது: 'இடதுபுறம் கல் கொட்டகை.' அடுத்த வருடம் மஞ்சளில் வந்தது. மஞ்சள் சின்னப் புத்தகம், வார்த்தைகளுக்கு இடமில்லை. வரைபடத்தில் 214க்குப் பக்கத்தில் ஒரு குட்டி வீட்டுக் குறி மட்டும் போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் குறிகளுக்கு விளக்கம் இருந்தது. வீட்டுக் குறி என்றால் மழைக்கு ஒதுங்கலாம்.

மரச்சட்டம் அந்த வரியில் நின்றதும் அக்கா கூவியே விட்டாள். "மாட்டினான்!" எல்லோரும் அவள் மேசைக்கு ஓடி வந்தார்கள். முதலாளி கேக் வரவழைத்தார். 'கூரை இல்லாத' என்ற வார்த்தைகள் காணாமல் போனது அவள் கண்ணில் படாமல் இல்லை. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே "இவனுங்க கொட்டகைக்குக் கூரையும் போட்டுட்டானுங்க சார்" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்த மாதமே பட்டியல் போட வேண்டியிருந்தது. மஞ்சள் அட்டை, ஒன்பதாவது பகுதி, தங்குமிடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. "சார், இதுக்குத் தப்புன்னு போடணுமே."

"தப்புன்னு போட்டா நம்ம கொக்கி வெளிய தெரிஞ்சிடும். அவன் உஷாராயிடுவான். இன்னும் ரெண்டு மாட்டினா வழக்குப் போட்டுடலாம்னு வக்கீல் சொல்றார். இந்தத் தடவை சரின்னே போட்டு விடுங்கக்கா."

அவள் சரி என்று போட்டாள். கூட்டிப் பார்த்ததில் மஞ்சளுக்கு எட்டு வந்தது. மிஞ்சின கேக்கில் இரண்டு துண்டு கணவருக்கு எடுத்துப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி: மலைப்பாதையில் தனியாக நடந்தவர் மழையிலும் குளிரிலும் சிக்கிப் பலி. எந்த இடம் என்று போடவில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு இப்படி நடப்பதுதான். அக்கா படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அதற்கு ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும், முப்பத்தெட்டு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வந்து அவள் மேசைக்கு எதிரே நின்றாள்.

"புஸ்தகங்களுக்கு மார்க்குப் போடுறது நீங்கதானா மேடம்?"

"நான்தாம்மா. உக்காருங்க."

"உங்க லிஃப்ட்டு சரியா மட்டத்துல நிக்கல. அரை அடி கீழ நிக்குது. யார்கிட்டயாவது சொல்லுங்க, வயசானவங்க விழுந்துடுவாங்க." உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் அதெல்லாம் கண்ணுல படுது."

பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நீலம். பச்சை. பழைய புத்தகக் கடையில் பிடித்த சிவப்பு அட்டை ஒன்று, இருபது வருடத்துக்கு முந்தையது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள். அது நனைந்து காய்ந்து இரண்டு மடங்காக உப்பியிருந்தது.

"இது அவர் கையில இருந்தது. உங்க பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கினார். பச்சைக்கு எட்டரை, ஆனா கனம். இதுக்கு எட்டு, பையில அடங்கும்னார். எதை வாங்கினாலும் நாலு தடவை விசாரிச்சு வாங்குற ஆளு."

அந்தப் பெண் உப்பிய பக்கங்களை நகத்தால் மெல்லப் பிரித்து ஒன்பதாவது பகுதியைக் காட்டினாள். ஓரத்தில் பென்சில் எழுத்து, மணி போட்டு.

'3.45. இரும்புக் கேட். மழை. திரும்பினால் ஊர் 4 கி.மீ. கொட்டகை 2 கி.மீ. கொட்டகைக்குப் போகிறேன்.'

'4.25. 214. கொட்டகை காணோம்.'

'4.50. மேலே போய்த் திரும்பி வந்தேன். இடது பக்கம் பார்த்தாச்சு.'

கடைசியாக, கோணல்மாணலாக: 'நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல.'

"பாதையிலேருந்து இடது பக்கம் முந்நூறு மீட்டர்ல, ஒரு பள்ளத்துல கிடந்தாராம்" என்றாள். "வழி தவறிட்டார், புஸ்தகத்துல போட்டிருக்குற கொட்டகைக்குப் போய்ச் சேராம விட்டுட்டார்னு மீட்புக்குழு ரிப்போர்ட்டு எழுதிட்டாங்க. கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. கவனக்குறைவு! பதினஞ்சு வருஷமா மத்தவங்க உசுரைக் கம்பியில கட்டித் தூக்கி இறக்கின ஆளுங்க அவர். மாமியார் ஒரு பக்கம், என் பையனுக்கு இடது கை வலது கை தெரியாதுன்னு ஊர் பேசுதேன்னு அழுவுறாங்க. அவர் வேலை பார்த்த இடத்துலயே ஒருத்தர் கேட்டார், படம் பார்க்கத் தெரியாதாம்மா அவருக்குன்னு." நான்கு புத்தகங்களையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பி வரிசையாக வைத்தாள், அக்கா தினமும் வைப்பதைப் போலவே. "மஞ்சள்ல வீட்டுப் படம். பச்சையில கொட்டகை. உங்க நீலத்துல கூரை இல்லாத கொட்டகை. பழசுல ஒண்ணுமே இல்ல. நானும் உக்காந்து உக்காந்து பார்த்துட்டேன். நாலுல எது சரி? அவர் நின்ன இடம் சரியா தப்பா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

தெரிந்ததைச் சொல்ல அக்காவுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் "நேர்ல போய் அளந்துட்டு வந்து சொல்றேம்மா" என்றாள்.

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம்."

"சரி. அஞ்சு வாரம் பொறுத்தாச்சு." மஞ்சளை மட்டும் உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் படியிலயே இறங்கிக்கறேன்."

முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கெட்டவர் அல்ல, அப்பா தொடங்கிய தொழிலை மூழ்காமல் வைத்திருக்கப் பாடுபடுகிற மனிதர். "நம்ம புத்தகத்துல கூரை இல்லாதன்னு தெளிவா இருக்குக்கா. 'கூரை இல்லாத'ங்கிறதை எடுத்தவன் பச்சைக்காரன். வீட்டுப் படம் போட்டவன் மஞ்சள்காரன். நம்ம மேல என்ன தப்பு?"

"கொட்டகையே இல்லையே சார்."

"அது நமக்குத் தெரியும்." அறையில் இரண்டு நடை நடந்தார். "அந்தம்மாவுக்கு என்ன வேணும்? புருஷன் வழி தவறலன்னு தெரியணும், அவ்வளவுதானே? சொல்லிடுங்க. கொட்டகை இருந்தது, இடிஞ்சு போச்சு, கல்லை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, அவர் நின்ன இடம் சரிதான்னு சொல்லுங்க. அந்தம்மாவுக்கும் மனசு ஆறும். அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடுவோம்."

வீட்டில் கணவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "உண்மையைச் சொன்னா அவர் எழுந்து வரப் போறாரா?" என்றார். "நீ வேணும்னு பண்ணலையே. இடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்துடு. அதுக்கு மேல யோசிக்காதே." அன்றைக்கு அவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சக்கரத்தோடு மொட்டை மேட்டுக்குப் போனாள். வெயில் பளிச்சென்று அடித்தது. இரும்புக் கேட்டில் பெட்டி எண்ணை 212க்கு வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை; அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. 214 என்று எண் விழுந்ததும் நின்றாள். எதுவும் இல்லை. வலது பக்கம் புல், இடது பக்கம் புல். இடது பக்கத்துப் புல் மட்டும் மீட்புக்குழுவின் பூட்ஸ்களால் சேறாக மிதிபட்டு, சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளம் வரை சக்கரத்தைத் தள்ளினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அறிக்கையில் முந்நூறு என்றிருந்தது. நோட்டை எடுத்து அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளப் போனவள், தான் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

அவர் சரியாக எண்ணியிருந்தார். மழையில், சக்கரம் இல்லாமல், தன் காலடியை மட்டும் எண்ணி 214இல் வந்து நின்றிருக்கிறார். அங்கே வந்த பிறகும் புத்தகத்தைச் சந்தேகிக்கவில்லை. தன்னைச் சந்தேகித்துக்கொண்டு தேடியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். நாலு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கூடத்தில் ஒரு தையல் இயந்திரம், மேலே பாதி தைத்த பள்ளிச் சீருடை. உள்ளறைக் கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது.

"அளந்தீங்களா?"

"அளந்தேம்மா. உங்க வீட்டுக்காரர் வழி தவறல. சரியா 214ல நின்னிருக்கார். ஒரு அடி முன்னப் பின்ன இல்ல." இதுவரை உண்மை. அடுத்ததை அவள் பேருந்தில் வரும்போது வாய்க்குள் பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தாள். "கொட்டகைதான் இடிஞ்சு போச்சு."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தை, கேட்டீங்களா? கொட்டகை இடிஞ்சு போயிருக்காம். அவர் சரியாத்தான் போயிருக்காராம்."

"யாரு சொன்னது?" என்றது உள்ளிருந்து குரல்.

"புஸ்தகத்துக்கு மார்க்குப் போடுறவங்களே வந்து சொல்றாங்க."

உள்ளே அழுகை கேட்டது. "நான் பெத்தது எனக்குத் தெரியாதா... எனக்குத் தெரியாதா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்துவிடலாம் என்று முந்தானையைச் சரி செய்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது.

அந்தப் பெண் அலமாரியிலிருந்து மஞ்சள் புத்தகத்தை எடுத்து வந்தாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் தேடி ஒரு பென்சிலும் எடுத்தாள். "அடுத்த மாசம் அவர்கூட வேலை பார்த்தவங்க என்னை அங்க கூட்டிட்டுப் போறாங்கக்கா. இடிஞ்சு கிடக்குற கல்லுல ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னு அத்தை கேப்பாங்க. கல்லெல்லாம் எந்தப் பக்கம் கிடக்கு? சொல்லுங்க, இதுல குறிச்சுக்கறேன்." புத்தகத்தைப் பிரித்து, அவர் எழுத்துக்குக் கீழே பென்சில் முனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள். கல்லை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று முதலாளி அதற்கும் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். பென்சில் காத்திருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னொரு பொய்யை எழுத வைக்க அவளால் முடியவில்லை.

"கல்லு இல்லம்மா" என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"அங்க எப்பவுமே எதுவும் இருந்ததில்ல. கொட்டகைன்னு ஒண்ணு கட்டினதே இல்ல. அது நான் எழுதினது. ஆபீஸ்ல உக்காந்து எழுதினேன்."

தையல் இயந்திரத்தின் மேலிருந்த சீருடையின் கை சரிந்து தொங்கியது. அந்தப் பெண் அதை எடுத்து மேலே போட்டாள்.

"எதுக்கு?"

"எங்க புஸ்தகத்தைப் பார்த்துத் திருடுறவங்களைப் பிடிக்க."

"பிடிச்சீங்களா?"

"...பிடிச்சோம்."

"அவங்க புஸ்தகத்துல வந்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதுக்குத்தான் எட்டு மார்க்கா?"

அக்கா தலையை மட்டும் அசைத்தாள். தன்னைத் திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு முழுத்தாளும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போட்டு."

அக்கா எழுதினாள். பழக்கம், தேதி போட்டு, பகுதி எண் போட்டு, கிலோமீட்டர் போட்டு. '214ஆம் கிலோமீட்டரில் இடதுபுறம் கூரை இல்லாத கல் கொட்டகை ஒன்று இருப்பதாக எங்கள் புத்தகத்தில் நான் எழுதினேன். அப்படி ஒன்று அங்கே இல்லை...' அந்தப் பெண் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கூரையை எதுக்கு இழுக்கறீங்க?"

"புஸ்தகத்துல அப்படித்தான்..."

"இல்லாத கொட்டகைக்குக் கூரை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அடிச்சிடுங்க."

அக்கா அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தாள். அடித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு வருடமும் இந்த ஒரு வாரமும் அவள் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள்தான் ஒதுங்கியிருந்தாள் என்று. மஞ்சளில் வந்ததும் பார்த்தேன், தெரிந்தே சரி என்று குறித்தேன், இறந்தவர் நின்ற இடம் சரியான இடம், அவர் வழி தவறவில்லை, எண்ணிக்கையில் பிழையில்லை என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே பெயரை எழுதச் சொன்னபோது, அந்தப் பெண்ணுக்கு இவள் பெயர் முதன்முறையாகத் தெரிந்தது.

"உள்ள போய் அத்தைகிட்ட சொல்லுங்க" என்றாள் தாளை மடித்துக்கொண்டே.

"நானா?"

"இடிஞ்சு போச்சுன்னு ஒரு தடவை நான் சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல என்னால ஆகாது. நீங்க சொல்லிட்டு, அப்படியே போயிடுங்க."

அக்கா உள்ளே போனாள். கட்டில் ஓரத்தில் முக்காலி இருந்தும் உட்காரவில்லை. அங்கே என்ன பேசப்பட்டது என்பதை அவள் பிறகு கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான், "அடிச்சாங்களா?" என்று. "இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல" என்றாள். அது எந்த விதமான பிடி என்று அவர் கேட்கவில்லை.

மீட்புக்குழுவின் அறிக்கை நான்கு மாதம் கழித்துத் திருத்தப்பட்டது. கவனக்குறைவு என்ற சொல் போய், புத்தகத்தில் இருந்த தவறான தகவல் என்று வந்தது. பச்சைக்காரர்களும் மஞ்சள்காரர்களும் நீலத்தைக் கை காட்டினார்கள். நீலம் அவர்களைக் கை காட்டியது. முதலாளி அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் போனபோது மேசையில் வேறொருத்தி உட்கார்ந்து மரச்சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடக்காரர் தலை நிமிராமல் "அக்கா, உங்க சக்கரம் லிஃப்ட்டுக்குப் பக்கத்துல இருக்கு" என்றார். கிண்டலாக எதையும் சேர்க்கவில்லை. அவரிடமிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை.

இப்போது அவள் பேருந்து டிப்போவில் பொருள் காப்பு அறையில், பயணிகள் விட்டுப் போகும் குடைகளுக்கும் பைகளுக்கும் சீட்டு எழுதுகிறாள். கணவர் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிறாள். கடைகளிலிருந்து திரும்பப் பெறுவோம் என்று மஞ்சள்காரர்கள் அறிவித்தார்கள். விற்றுப் போனவற்றை யார் திரும்பப் பெறுவது? நடந்து முடித்தவர்கள் பழைய கடையில் போடுகிறார்கள், நடக்கப் போகிறவர்கள் அங்கிருந்து எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் அவள் ஒன்பதாவது பகுதியைப் பிரித்து, அந்த வீட்டுக் குறியைப் பேனாவால் அடித்துவிட்டு வைத்துவிட்டு வந்தாள். ஒரு கடைக்காரன் பிடித்துக்கொண்டான்.

"வாங்காத புஸ்தகத்துல என்னங்க கிறுக்குறீங்க? பார்த்தா பெரியவங்களா இருக்கீங்க."

"இதுல ஒரு தப்பு இருக்கு தம்பி."

"இருந்துட்டுப் போகட்டும். தப்பு இல்லாத புஸ்தகம் வேணும்னா புதுக் கடைக்குப் போங்க."

அதிலிருந்து விலை கொடுத்தே வாங்கிவிடுகிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போடுகிறாள். மஞ்சள் அட்டை அச்சானது ஆறாயிரம் பிரதி. இதுவரை அவள் கைக்குக் கிடைத்தது நாற்பத்தொன்று. அவற்றில் ஏழில், 214க்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டுக் குறிக்கு யாரோ யாரோ பேனாவால் ஒரு சரி போட்டிருந்தார்கள்.